ரெண்டு வேளைக்குப் போதும்

அந்தத் தெருவில் யாருக்குத் தும்மல் வந்தாலும் முதலில் போய் நிற்பது மருந்துக்கடை வாசலில்தான். கடை முதலாளி உள்ளே கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அவரை ஒருவரும் சட்டை செய்வதில்லை. கவுண்டரில் நிற்கிறவரைத்தான் தேடுவார்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். தெருவே சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் அரை டாக்டர். கேலியாகத்தான் ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் கேலி கழன்று விழுந்து, பெயர் மட்டும் மரியாதையோடு நின்றுவிட்டது. மனிதருக்கும் அதில் உள்ளூரக் கொள்ளை ஆசை.

அந்தக் கத்தரிக்கோல்தான் அவருடைய வைத்தியம். "அண்ணே, டாக்டர்கிட்ட போனா அரை நாள் போச்சு. நீங்களே பாத்து ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று வருவார்கள். அவரும் பத்து மாத்திரை அட்டையை எடுத்து, வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்த்து, ஓரத்திலிருந்து கொஞ்சமாக வெட்டிக் கொடுப்பார். "ரெண்டு வேளைக்குப் போதும். கேக்கலைன்னா வாங்க." கேட்காதவர்கள் வேறெங்கோ போய்ச் சேர்ந்தார்கள். கேட்டவர்கள் மட்டும் திரும்பி வந்து கும்பிட்டார்கள். ஆகவே தான் வெட்டிக் கொடுத்ததெல்லாம் கேட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். இப்படிப் பரீட்சை வைத்தால் யார்தான் தோற்பார்கள், சொல்லுங்கள்!

அவருக்கு ஒரே மகள், ஒன்பது வயது. ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது கன்னத்தில் சிவந்து வந்த கரப்பான், பிறகு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து என்று இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது. எக்ஸிமா என்று தோல் டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அடுத்தவருக்கு ஒட்டாது, ஆனால் விட்டுப் போகவும் போகாது. தோல் வறண்டு வெடிக்கும், பிள்ளை சொறியும், சொறியச் சொறிய இன்னும் வெடிக்கும். சாப்பிடும்போது, படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, எந்நேரமும் கரக் கரக்கென்று ஒரு சத்தம் அந்த வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும். வண்டு மரத்தைக் குடைகிற மாதிரி இருக்கிறது என்று அவர்தான் மகளுக்கு வண்டு என்று செல்லப்பெயர் வைத்தார்.

பாசத்தில் அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகளை மடியில் உட்காரவைத்து நகம் வெட்டி, முனையை ராவி விடுவார். குளித்த ஈரம் காய்வதற்குள் கிரீம் தடவ வேண்டும் என்று துண்டும் கையுமாகக் குளியலறை வாசலிலேயே நிற்பார். அவருடைய மனைவிக்குச் சீருடை தைக்கிற கூடத்தில் வேலை. மகளுடைய சட்டைகளை மட்டும் தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைப்பாள், உள்தையல் உரசிப் புண்ணாகிவிடக் கூடாதே என்று. "என்னம்மா, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், "எங்க வீட்டு ஸ்டைல் இதுதான்" என்று வண்டு வாயாடும்.

ஆனால் மருந்து விஷயத்தில் மட்டும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒத்துப்போகாது. போன வருஷம் கடையிலிருந்து ஒரு ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொண்டுவந்து யாரையும் கேட்காமல் கொடுத்ததில், பிள்ளை வயிற்றுப்போக்கு வந்து துவண்டுபோனாள். அன்றைக்கு மனைவி சாமியாடிவிட்டாள்.

"தெருவுல யாருக்கு வேணும்னாலும் குடுத்துக்கோங்க. என் பிள்ளைக்கு உங்க கடைச் சரக்கு வேண்டாம். டாக்டர் எழுதினா மட்டும்தான். சத்தியம் பண்ணுங்க."

"சரி, சத்தியம். விடு" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு முறை கொடுத்தார். இந்த விஷயம் அவளுக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிரீம் தடவ மகளின் வலது கையை நீட்டிப் பார்த்தவருக்குப் புருவம் சுருங்கியது. முழங்கை மடிப்பில் எப்போதும் இருக்கிற வறட்சி இல்லை. ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. கசிந்த இடத்தில் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி மஞ்சளாக ஒரு பொருக்கு. சுற்றிலும் குண்டூசித் தலையளவுக்குச் சீழ்ப் புள்ளிகள். கிருமி ஏறியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துகொண்டார். தெரியாமல் செய்தார் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், தெரிந்துதான் செய்தார். வெடித்த தோலில் கிருமி சுலபமாகக் குடியேறும் என்று கடைக்கு வரும் தாய்மார்களுக்குப் பாடம் எடுப்பவரே அவர்தான்.

மனைவியும் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நீர் வடியுது? நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"நாளைக்கு சனிக்கிழமை. டோக்கன் வாங்கி அங்க உக்காந்தா சாயங்காலம் ஆயிடும். பிள்ளை வேர்த்துக் கொட்டி இன்னும் சொறிவா. திங்கக்கிழமை பாக்கலாம்."

பள்ளிக்கூடம் திறந்த புதிது. தையல் கூடத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓவர்டைம். சனிக்கிழமை காலையில் அவள் இரண்டு மனதாகத்தான் கிளம்பிப் போனாள். "கிரீமை மட்டும் தடவுங்க. வேற எதையும் நோண்டாதீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் அரை டாக்டர் பைக்கின் பக்கப்பெட்டியைத் திறந்தார். முந்தின நாள் ராத்திரியே கடைக்குப் போய்க் கொண்டுவந்து வைத்திருந்தார்: ஒரு சிரப் பாட்டில், ஒரு சின்ன டியூப். டியூப் வீரியமான ஸ்டீராய்டு. எரிகிற தோலை ஒரே நாளில் அடக்கிவிடும். சிவப்பை அடக்குமே தவிர, சிவப்புக்குக் கீழே இருக்கிறதை அடக்காது. அதை முதலில் தடவி, அதன்மேல் வழக்கமான கிரீமைப் பூசினார். பிறகு ஸ்பூனில் சிரப்பை ஊற்றிக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வண்டு, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள ரகசியம். அம்மாகிட்ட சொல்லக்கூடாது."

"யாருகிட்டயுமேவா?"

"யாருகிட்டயுமே. யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. சொன்னா அப்பாவுக்குத்தான் திட்டு விழும்."

அப்பாவைக் காப்பாற்றுகிற பொறுப்பு தனக்கு வந்துவிட்டதில் பிள்ளைக்கு ஒரே பெருமை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். ஸ்பூனைத் தானே ஓடிப்போய்க் கழுவிவைத்தாள்.

சனிக்கிழமை இரண்டு வேளை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை. ஞாயிறு சாயங்காலம் பார்த்தால் சிவப்பு பாதியாக வற்றிவிட்டது. பொருக்கு உதிர்ந்துவிட்டது. அரை டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்து வந்த மனைவியிடம் மகளின் கையை நீட்டிக் காட்டினார். "பாத்தியா? வெறும் கிரீமுக்கே அடங்கிடுச்சு. இதுக்குப் போய் டாக்டர், டோக்கன்னு..."

அவளுக்கும் நிம்மதிதான். நாள் முழுக்கக் குனிந்து தைத்த இடுப்பு விட்டுப்போயிருந்தது. மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை.

பாட்டில் உறையில் ஏழு நாள் கொடுக்கச் சொல்லி அச்சடித்திருந்தது. அதெல்லாம் கம்பெனிக்காரன் பாட்டில் விற்பதற்காக எழுதுவது என்பது அவருடைய சித்தாந்தம். அடங்கின பிறகு எதற்குப் பிள்ளையின் வயிற்றைக் கெடுப்பானேன்? மிச்ச சிரப்பைச் சாக்கடையில் கொட்டி, பாட்டிலைக் கடைக் குப்பையில் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர், மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிற மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தார். பாதி டம்ளர் காலியான பிறகுதான் அவருக்கு உறைத்தது. வீட்டில் என்னவோ குறைகிறது. ஃபேன் சுற்றுகிறது, பக்கத்து வீட்டில் குக்கர் கத்துகிறது, பென்சில் நோட்டில் உரசுகிறது. என்ன குறைகிறது?

கரக் கரக் சத்தம் இல்லை.

கண்கொட்டாமல் பத்து நிமிஷம் பார்த்தார். பிள்ளை ஒரு தடவைகூடக் கையைச் சொறியவில்லை. வலது முழங்கையை மேஜைமேல் அசைக்காமல் வைத்து விரலை மட்டும் நகர்த்தி எழுதி, இடது கையால் பக்கத்தைத் திருப்பினாள். ஒன்பது வருஷமாக அந்த நிசப்தத்துக்காகத்தான் அந்த வீடே ஏங்கிக் கிடந்தது. மனைவியைச் சமையலறையிலிருந்து சைகை காட்டிக் கூப்பிட்டார். இருவரும் கதவோரமாக நின்று பார்த்தார்கள்.

"சொறியவே இல்லடி" என்று கிசுகிசுத்தார்.

"கண்ணு வச்சிடாதீங்க" என்றாள் அவள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அரிக்கிற தோல் அரிப்பை நிறுத்தினால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஆறியிருக்க வேண்டும். இல்லையென்றால், தொட முடியாத அளவுக்கு வலிக்க வேண்டும். கரப்பான் இல்லாத வீட்டில் இந்தத் தவறு நடக்காது. பிள்ளை சோர்ந்து கிடந்தால் உடம்பைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். இவர்கள் இருவரும் சொறியும் சத்தத்தையே ஒன்பது வருஷமாகக் காவல் காத்தவர்கள். சத்தம் நின்றதும் வியாதியே நின்றதென்று சந்தோஷப்பட்டார்கள். பிள்ளை அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்ததைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "விடு, மத்தியானம் நல்லா சாப்பிட்டிருப்பா" என்றார் அவர்.

புதன்கிழமை காலையில் மகளை எழுப்பப்போன மனைவி போட்ட சத்தத்தில் அரை டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். பிள்ளையின் உடம்பு கொதித்தது. வலது கை முழங்கைக்கு மேலும் கீழும் வீங்கிப் பளபளத்தது. மடிப்பிலிருந்து சிவப்பு வெளியே வழிந்து தோள் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. சட்டையின் கை உரசினாலே "அம்மா, தொடாதே" என்று கத்தினாள். உதடு வறண்டிருந்தது.

மனைவி நீலப் பேனாவை எடுத்துவந்தாள். துணியில் அளவுக்குக் கோடு போடுகிற கை அது. சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே, தோலின் மேலேயே, ஒரு சுற்றுக் கோடு இழுத்தாள்.

"எதுக்கு இது?" என்றார்.

"ஏறுதா இறங்குதான்னு பாக்கணும். கோட்டைத் தாண்டுச்சுன்னா உங்ககிட்ட கேக்கமாட்டேன், நேரா ஆஸ்பத்திரிதான்."

"மத்தியானம் வரைக்கும் பாக்கலாம். நான் கடையைத் திறந்துட்டு..."

"போங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் இருந்த வெறுப்பு அவருக்குத் தைத்தது.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போய்விட்டதாம். அவள் ஏற்கெனவே ஆட்டோவில் ஏறியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டு மூன்றாம் மாடி. ஜன்னலோரக் கட்டில். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது; பேச்சில் சிக்கனம், கண்ணில் கவனம். கையைப் பார்த்தாள், அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள், கசிவைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். பிறகு சீட்டும் பேனாவுமாகத் திரும்பினாள்.

"எக்ஸிமா இருக்குற தோல்ல பாக்டீரியா உள்ள இறங்கியிருக்கு. இதுக்கு முன்னாடி வீட்டுல ஏதாவது குடுத்தீங்களா? ஆன்டிபயாடிக், சிரப், களிம்பு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"இல்ல டாக்டர், வழக்கமான கிரீம் மட்டும்தான்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "இல்லீங்களா?"

அரை டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சத்தியம் நினைவுக்கு வந்தது. கடை நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் நினைவுக்கு வந்தது. "ஆமா. கிரீம் மட்டும்தான்" என்றார்.

டாக்டரம்மா கட்டிலில் குனிந்தாள். "நீ சொல்லு கண்ணு. யாராவது மருந்து குடுத்தாங்களா?"

வண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சலில் சிவந்த கண். மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

அந்த நொடியில் அவருக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவுக்காகவே அவரைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டிரிப்ஸ் ஏற்றினார்கள். வியாழக்கிழமை காலையில் நர்ஸ் மருந்துக் குப்பியை உடைக்கும்போது அதன் மேல் இருந்த பெயரை அவர் படித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக டாக்டர்களின் கிறுக்கலையே படித்த கண்ணுக்கு அச்செழுத்து எம்மாத்திரம்! அவர் கொடுத்த சிரப்பும் இதுவும் ஒரே மருந்து. அதுதான் ஸ்பூனில் போனது. இப்போது ஊசியில் போகிறது. போன வருஷம் மூன்று தடவை, இந்த வாரம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் கொடுத்து, கிருமி சாவதற்குள் நிறுத்தியிருக்கிறார். அடி வாங்கித் தப்பித்த கிருமி அடுத்த அடிக்குத் தயாராகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் வந்து சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர்தானே.

மனைவி போட்ட நீலக் கோட்டுக்கு வெளியே நர்ஸ் கறுப்பில் இரண்டாவது கோடு போட்டிருந்தாள். பத்து மணிக்குச் சிவப்பு அதையும் தொட்டது.

காலை ரவுண்ட்ஸில் டாக்டரம்மா அட்டையைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "முதல் தடவையா இந்த மருந்து உடம்புக்குள்ள போகுதுன்னா, இந்நேரம் காய்ச்சல் இறங்கியிருக்கணும். இன்னும் கொஞ்சம் டைம் குடுத்துப் பாக்கலாம். சோதனை ரிசல்ட் நாளைக்குத்தான் வரும்."

முதல் தடவையா. அந்தச் சொல் அவருடைய காதிலேயே நின்றுவிட்டது. வாயைத் திறந்தார். பக்கத்தில் மனைவி மகளின் நெற்றியில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா போன பிறகு நர்ஸின் மேஜைக்குப் போய் நின்றார். சொல்லாமலே சொல்லிவிட முடியுமா என்று பார்க்கிற புத்தி. "சிஸ்டர், இந்த மருந்து அவ்வளவா கேக்காதுன்னு தோணுது. வேற குரூப்ல ஏதாவது மாத்திப் பாக்கலாமே?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க டாக்டரா?"

தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. ஆனால் அங்கே பதில் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல, சும்மா கேட்டேன்" என்று அசடு வழிந்துவிட்டுத் திரும்பினார்.

வராந்தாவில் போன் அடித்தது. கடை முதலாளி.

"பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்குங்க."

"கவலைப்படாதீங்க, சரியாயிடும். ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. நம்ம கடையில இருந்து எதுவும் குடுக்கலையே? ஆஸ்பத்திரில விசாரிச்சா நம்ம பேரு இழுபடும். டிரக் இன்ஸ்பெக்டர் ஆளுங்க செக்கிங் சுத்திக்கிட்டிருக்காங்க. லைசென்ஸ் போச்சுன்னா நீங்களும் நானும் தெருவுலதான்."

"ஒண்ணும் குடுக்கலைங்க" என்றார். மூன்றாவது தடவையாகப் பொய் சொன்னார். பொய் பழகிவிட்டது.

மத்தியானம் மனைவி அவரைச் சாப்பிட அனுப்பினாள். கான்டீனில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பிடிவாதமாகத் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரி. படித்தவர்கள். ரிசல்ட் வந்தால் அவர்களே மாற்றிவிடுவார்கள். நாளைக்குத்தானே? ஒரு நாளில் என்ன ஆகிவிடும்? கவுண்டரில் நின்று எத்தனையோ பேருக்குச் சொன்ன சமாதானம்தான். தனக்கே சொல்லிக்கொள்ளும்போது அதில் ஒரு பிடிப்பும் இல்லை. ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

மூன்றாம் மாடிக்குத் திரும்பியபோது கட்டிலைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். பிள்ளைக்குக் குளிர் நடுக்கம். பல் கிட்டித்துக் கட்டில் ஆடியது. மூச்சு சின்னச் சின்னதாக, வேகமாக வந்தது. கண் பாதி திறந்திருந்தது. அம்மா கூப்பிட்டால் ஒரு விநாடி கழித்துத்தான் திரும்பியது. கையில் சிவப்பு, கறுப்புக் கோட்டையும் தாண்டித் தோள்பட்டைக்குப் போய்விட்டது.

"பிரஷர் இறங்குது" என்றாள் நர்ஸ்.

டாக்டரம்மா மனைவியிடம் திரும்பினாள். குரல் தாழ்ந்திருந்தது. "கிருமி ரத்தத்துல கலந்திருக்கும்னு நினைக்கிறேன். ஐசியுவுக்கு மாத்தறோம். இந்த மருந்து ஏன் வேலை செய்யலைன்னுதான் புரியல."

மனைவி கேவவில்லை, கத்தவில்லை. மகளின் வெளித்தையல் போட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குள் என்னவோ பொத்துக்கொண்டது.

"டாக்டர்" என்றார். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "நான் குடுத்தேன்."

டாக்டரம்மா திரும்பினாள். "என்ன குடுத்தீங்க?"

"இதே மருந்து. சிரப். சனி, ஞாயிறு, மொத்தம் நாலு வேளை. அப்புறம் நிறுத்திட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"போன வருஷம் மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள்."

"களிம்பு?"

"ஸ்டீராய்டு. வீரியமானது. அதையும் தடவினேன்." சொல்லச் சொல்லத் தோளிலிருந்து எதுவும் இறங்கவில்லை. கதைகளில்தான் உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் இன்னும் கனத்தது.

"நேத்து நான் கேட்டேனே" என்றாள் டாக்டரம்மா. "கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு கேட்டேன். முழுசா ஒரு நாள் போச்சு. எதுக்குய்யா மறைச்சீங்க?"

மனைவி அவரைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சட்டையைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு எழுந்து, மகளின் தலைமாட்டில் அவருக்கு இடமில்லாதபடி நின்றுகொண்டாள்.

டாக்டரம்மா நர்ஸிடம் வேறு இரண்டு மருந்தின் பெயரைச் சொன்னாள். நர்ஸ் ஓடினாள். இன்னொரு ஆள் கட்டிலின் சக்கரப் பூட்டை எடுத்துவிட்டான். தள்ளுவதற்கு முன்னால் டாக்டரம்மா குனிந்து, பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள்.

"கண்ணு, இங்க பாரு. அப்பா சிரப் குடுத்தாரே, அதைக் குடிச்சப்போ உடம்புல தடிப்பு வந்துச்சா? மூச்சு முட்டுச்சா? வாந்தி வந்துச்சா? சொல்லும்மா, புது மருந்து போடணும்."

வண்டு கண்ணைத் திறந்தாள். உதடு ஒட்டியிருந்தது. "நான் ஒண்ணும் குடிக்கல" என்றாள்.

"பரவாயில்ல, சொல்லு. உன்னை யாரும் திட்டமாட்டாங்க."

"குடிக்கல. அப்பா எதுவும் குடுக்கல."

டாக்டரம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சந்தேகமாகப் பார்த்தாள். அரை டாக்டர் முட்டிபோட்டு உட்கார்ந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழுந்ததை எடுக்கவில்லை.

"வண்டு, அப்பா சொல்லிட்டேன்டா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீயும் சொல்லு. உனக்கு மூச்சு முட்டுச்சா?"

பிள்ளை அவரையே பார்த்தாள். அது அப்பா வைக்கிற சோதனை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. நடுங்குகிற இடது கையைத் தூக்கி அவர் வாயின் மேல் வைத்தாள். விரல் நெருப்பாகச் சுட்டது.

"நேத்தே கேட்டாங்கப்பா" என்று மூச்சுக்கு நடுவில் சொன்னாள். "அம்மாவும் கேட்டாங்க. நர்ஸ் அக்கா மூணு தடவை கேட்டாங்க. நான் யாருகிட்டயுமே சொல்லல."

சொல்லிவிட்டு, "சமத்து" என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.